மனைவி புலம்பலுக்கு விட்ட பக்கம்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் உன் கடிதம் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. அவசரப்பட்டுக் கோபப்படுகிறேனோ என்று இரண்டாம் தரம் ஆறுதலாக வாசித்தேன்; இன்னும் கூடக் கோபம் வந்தது. "அம்மா, மூன்று நாளாகக் கந்தோர் வேலை முடிந்து வந்து பேனையும் கையுமாக இருந்து பார்த்தேன், எனக்கு ஒரு வரியும் வரவில்லை. ஐயாவின் கல்வெட்டுப் பாட்டுப் புத்தகத்தைக் கொடிகாமத்துப் பண்டிதரைக் கொண்டே எழுதுவிப்போம். பிள்ளைகள் அழுவதாக வரும் மக்கள் புலம்பல், மனைவி புலம்பல் இரண்டையும் அவரே பாடித் தருவார். நீங்கள் மனைவி புலம்பலுக்கு வேண்டிய விபரங்களை ஒரு துண்டில் எழுதி அனுப்பினாற் போதும்" என்று எழுதியிருக்கிறாய். விபரம்! முப்பத்தைந்து வருஷம் ஒரு மனிதனோடு குடும்பம் நடத்தியவள் ஒரு துண்டில் விபரம் எழுதி அனுப்ப, அவரை ஒரு நாளும் கண்டறியாத பண்டிதர் அதைப் பார்த்து எனக்காக அழுவாராம். உன்னை ஏசி என்ன, ஊர் வழக்கம் அதுதான். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளே உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். நீளமாகத்தான் இருக்கும், இருந்து வாசி. முப்பத்தொன்றுக்கு வரும்போது கொண்டுவந்து உன் மாமிக்கும் காட்டு, கேட்கிற எவருக்கும் காட்டு. ஒளித்ததெல்லாம் போதும்.

ஐயா போய் இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டில் சனம் கூடும்போது கல்வெட்டுப் படிக்க வேண்டும். படித்து முடித்து ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுக்க வேண்டும். உலகச் சண்டையால் இங்கே பட்டினத்து அச்சுக்கூடங்களில் கடதாசி இல்லையென்று நீ கொழும்பிலே பதினாறு பக்கத்துக்குக் கடதாசி பிடித்து வைத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்துப் போகாவிட்டால் அந்தக் கடதாசி வேறு யாருக்கோ போய்விடும். எல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் செத்த அரைவாசிப் பேருக்குக் கல்வெட்டுப் பாடிய வாத்தியாருக்கு ஒரு கல்வெட்டு இல்லாமல் முப்பத்தொன்று நடந்தது என்றால், அதைவிட வெட்கம் வேறில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து நீ ரயிலேறிய அன்றைக்கே அவருடைய மேசையில் போய் உட்கார்ந்தவள்தான். ஏன் உட்கார்ந்தேன் என்றுதானே கேட்கப் போகிறாய்? பொறு.

அதற்கு முன்னம் செத்தவீட்டன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் அழவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். பெண்டுகள் என்னைக் கட்டிப் பிடித்துக் குழறினார்கள், நான் அவர்களின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். ஐயாவின் தங்கச்சி, உன் மாமி, வந்து காதுக்குள் சொன்னாள்: "என்ன மச்சாள், மரக்கட்டை மாதிரி நிக்கிறியள்? ஒருக்கா வாய்விட்டு அழுங்கோவன். அண்ணையைப் பறிகுடுத்திட்டு உப்பிடியே நிக்கிறது? சனம் என்ன சொல்லும்?" நீயும் பார்த்தாய், தம்பி. கொள்ளிச்சட்டியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். அது எனக்கு மாமியின் வாயைவிடச் சுட்டது. எனக்கு அழத் தெரியாதென்றா நினைத்தாய்? இந்த ஊரில் என்னளவு அழுதவள் ஒருத்தியும் இல்லை. அழுததெல்லாம் மற்றவர்களுக்காக, அவ்வளவுதான்.

நீ ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்த காலம். எங்கள் வேலிக்கு அடுத்த வேலி, தங்கம்மாவின் புருஷன் வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிடப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப் போனார். ஐயாவிடம் கல்வெட்டுக் கேட்டு வந்தார்கள். காப்பு, வம்ச வரலாறு, திதி வெண்பா எல்லாம் ஒரே நாளில் முடித்துவிட்டார். அவருக்கு இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. மனைவி புலம்பலில் போய் நின்றார். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் குசினிச் சுவருக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு, அன்ன நடையாள் வாடினாள், மின்னலிடையாள் மெலிந்தாள் என்று உருட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, தங்கம்மா உப்பிடியே அழுவாள்? அவளுக்கு எங்கை மின்னலிடை? பாதி வாழைக்குத் தண்ணி பாஞ்சு கிடக்கு, மிச்சத்துக்கு ஆர் மாறுறது எண்டெல்லோ அவள் கேட்டு அழுவாள்" என்றேன்.

கோபித்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன். பிறகு கதிரை கிரீச்சிட்டது. "உதென்ன சொன்னீர்? திருப்பிச் சொல்லும்" என்றார்.

திருப்பிச் சொன்னேன். அவர் அதை வாங்கி, வெட்டித் தட்டி ஓசைக்குள் இருத்தினார். 'பாதிக்குத் தண்ணிபாய்ச்சிப் பாதியிலே போனீரே, மீதியுள்ள வாழையெல்லாம் முகம்பார்த்து நிற்குதையா.' அதைத் தங்கம்மா வீட்டு முப்பத்தொன்றில் படித்தபோது ஆண்களே துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தங்கம்மா வந்து, "வாத்தியார், என்ரை நெஞ்சுக்குள்ளை கிடந்ததை நீங்கள் எப்பிடி எடுத்தனீங்கள்?" என்று கேட்டாளாம். ஐயா வீட்டுக்கு வந்து சால்வையைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று, "எல்லாரும் உம்மடை வரிக்குத்தான் அழுதவை" என்றார். தம்பி, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்து அழுகிறாள், நான் அடுப்படியில் நின்று சிரிக்கிறேன். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

அதற்குப் பிறகு ஐயாவின் பேரில் வந்த ஒவ்வொரு கல்வெட்டிலும் மனைவி புலம்பல் நான் பாடியது. முப்பதுக்கு மேலே இருக்கும். பின்னேரங்களில் நீ உன் பாடத்தோடு மேசையில் இருக்கும்போது ஐயா வெளியே பாட்டுக் கட்டுவது உனக்குக் கேட்டிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் சொல்வது உனக்குக் கேட்டிராது. தாலிக்கும் கண்ணீருக்கும் சொல் தேடி நான் மெல்லச் சொல்ல, அவர் தளை பார்த்து உரக்கச் சொல்லுவார். எங்கேயாவது ஓசை இடித்தால் என்னிடம் திருப்பித் தரமாட்டார், தானே ஒரு அசையை எடுத்து வேறொன்றை வைத்துவிடுவார். வைத்த இடம் தெரியாது. என்னால் அது ஏலாது, அவரால் மற்றது ஏலாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு புலவர். அட்டையில் ஒரு பேர்தான் இருக்கும். அதை நான் அப்போது ஒரு குறையாக நினைக்கவே இல்லை. பொம்பிளை பாடியதென்றால் யார் காசு கொடுத்து அச்சடிப்பார்கள் என்று நானே அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எழுத்து எப்படி வந்ததென்று இப்போது உனக்குச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வராமல் போனதும் அதனால்தான். ஒருத்தியின் புலம்பலைப் பாட வேண்டுமென்றால் நான் முதலில் உன் ஐயாவைச் சாகடிப்பேன். திடுக்கிடாதே. தங்கம்மாவுக்காக அவரைத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. தெற்கே காலிப் பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவரின் மனைவிக்காக அவர் தூர தேசத்தில் நாதி இல்லாமல் மாரடைத்துச் செத்தார். ஒருத்திக்காகக் காய்ச்சலில் போனார், ஒருத்திக்காகக் கிணற்றில் விழுந்தார், கலியாணம் முடித்து ஒரு வருஷத்தில் புருஷனை இழந்த பிள்ளைக்காக இளந்தாரியாகவே போனார். அவர் வெளியே கதிரையில் குத்துக்கல்லாக இருக்க, நான் உள்ளே அவரைக் கிடத்தி, காலடியில் இருந்து அழுவேன். அடுப்புப் புகை என்று சொல்லி முகத்தைத் துடைப்பேன். வரி வரும். அன்றைக்கு அவருடைய சோற்றில் நெய் கொஞ்சம் கூட விழும். ஏன் என்று அவருக்கு ஒரு நாளும் தெரியாது.

இப்போது விளங்குகிறதா? அவர் உண்மையாகவே போனபோது எனக்கு அழுகை மிச்சமில்லை. வரியும் மிச்சமில்லை. இந்தப் பதினாலு நாளும் அவருடைய மேசையில் உட்கார்ந்து நான் பட்ட எரிச்சலை நீ கண்டிருக்க வேண்டும். 'தீபம் அணைந்ததையா' என்று தொடங்கினேன். அது பென்ஷன்காரர் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தது. வெட்டினேன். 'முற்றத்துச் செருப்பிருக்க' என்று வந்தது. அது சுருட்டுக்கடைக்காரர் மனைவியுடையது. வெட்டினேன். அலுமாரிக்குள் கிடந்த பழைய கல்வெட்டுக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எந்த வரியைத் தொட்டாலும் அதற்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். எனக்கென்று ஒரு நல்ல வரியை ஒளித்து வைத்திருக்கலாம், மடைச்சி, வைக்கவில்லை. கேட்டவளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டேன். பேனையை மாற்றிப் பார்த்தேன், மை கரைத்துப் பார்த்தேன், விடிய எழும்பித் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு வந்து இருந்து பார்த்தேன். பிள்ளையாரைச் சுற்றினேன். ஆட்டுக்கு மேலே எரிந்து விழுந்தேன், காகத்தைத் துரத்தினேன். மாமி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "உங்களுக்கேன் மச்சாள் உந்த வில்லங்கம்? குணக்குன்றே, தமிழ்க்கடலே எண்டு பண்டிதர் எழுதுவார்தானே" என்றாள். அந்தக் குணக்குன்றை அப்படியே தூக்கி அவள் தலையில் போடலாம் போல இருந்தது.

வரிகள் முடிந்துவிட்டன என்பதுதான் காரணமென்று நான் பன்னிரண்டு பதின்மூன்று நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது பாதிக் காரணம். மற்றப் பாதியை உனக்குச் சொல்வதற்கு எனக்கு வாய் கூசுகிறது. சொல்கிறேன்.

ஏழு வருஷம் இருக்கும். மலாயாப் பென்ஷன்காரர் ஒருவரின் முப்பத்தொன்று. பெரிய வீடு, பெரிய சனம். ஐயாவின் கல்வெட்டைப் படித்து முடிய, உடையார் குடும்பத்து ஆள் ஒருவர் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்: "வாத்தியார், மற்றதெல்லாம் படிச்ச ஆக்கள் எழுதலாம். உந்த மனைவி புலம்பலை மட்டும் எப்பிடிப் பாடுறியள்?" நான் பெண்டுகள் பக்கத்தில் வெற்றிலைத் தட்டத்தோடு நின்றேன். ஐயா நான் நின்ற பக்கம் ஒருக்காற் பார்த்தார். பிறகு சால்வையைச் சரி செய்துகொண்டு, "அது ஒரு வரம்" என்றார்.

அவ்வளவுதான். அத்தனை பேருக்கு முன் என் பேரைச் சொல்லும்படி நானா கேட்டேன்? அது நடவாதென்று எனக்குத் தெரியாதா? ஆனால் முன்னைய காலத்தில் வீட்டுக்கு வந்தவுடன் குசினி வாசலில் வந்து நிற்பாரே, அன்றைக்கு அதுவும் இல்லை. கால் கழுவிவிட்டு நேரே போய்ப் படுத்தார். வரம் கொடுத்தவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் சுவருக்கு வெளியே கதிரையைப் போட்டுச் செருமும்போது நான் உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்குவேன். இடிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் இடிப்பேன். கேட்கட்டும், வாய் திறந்து கேட்கட்டும், "இஞ்சாரும், ஒரு வரி சொல்லும்" என்று ஒருக்கால் கேட்கட்டும், சொல்கிறேன் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. அவரும் நானாகச் சொல்வேன் என்று இருந்திருப்பார். பிறகு பழைய புத்தகங்களை எடுத்துப் பேரை மாற்றி எழுதத் தொடங்கினார். ஒரு பின்னேரம் அவர் வெளியே முணுமுணுத்துக்கொண்டு பிரதி பண்ணுவது எனக்குக் கேட்டது. 'காலித் தெருவினிலே கடைதிறக்க ஆருமில்லை.' சுருட்டுக்கடைக்காரர் மனைவிக்கு நான் கொடுத்த வரி. இப்போது எழுதுவதோ எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு. அந்த மனிதர் குடாநாட்டு எல்லையான ஆனையிறவைத் தாண்டி அறியாதவர். ஐயா ஊர்ப் பேரை மாற்ற மறந்துபோய்விட்டார். எனக்கு அந்தக் கணமே தெரியும், தம்பி. ஒரு சொல், "காலியை வெட்டுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. நான் உலக்கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். படட்டும் என்றுதான் நின்றேன். வேறு சாட்டு ஒன்றும் எனக்கு இல்லை.

புத்தகம் அச்சாகி வந்தது. முப்பத்தொன்றில் அந்த வரியைப் படித்தவுடன் செத்தவரின் தம்பி எழும்பினார். "வாத்தியார், எங்கடை அண்ணை ஆனையிறவு தாண்டாத மனிசன். காலியிலை ஆருக்குக் கடை?" என்று கேட்டார். பின்னால் இருந்த ஒருவன், "கடை மட்டுந்தானோ, குடும்பமும் ஒண்டு அங்கை இருக்கோ ஆருக்குத் தெரியும்" என்றான். ஒரு சிரிப்பு எழும்பியது. புருஷனைப் பறிகொடுத்து முப்பத்தோராம் நாள் இருந்த அந்தப் பாவி மனுஷி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். நான் என் புருஷனைத்தான் பழிவாங்கப் பார்த்தேன். அவள் எனக்கு என்ன செய்தாள்? இன்றைக்கும் அவளைக் கோயிலில் கண்டால் நான் மற்ற வீதியால் சுற்றிப் போவேன்.

ஐயா வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். "கண் பிடிக்குதில்லை இஞ்சாரும். இனிப் பாட்டெழுத ஏலாது" என்றார். நான் "ஓம்" என்றேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் சொன்ன மோசமான சொல் அந்த ஓம்தான்.

அவருடைய கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. வளவின் அந்தக் கரையில் நின்று இந்தக் கரையில் எந்தக் கோழி முட்டையிடப் போகிறதென்று சொல்லுவார். நீதான் கேள்விப்பட்டு, பாவம், கொழும்பிலிருந்து மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தாய். அது சரியில்லை என்று அவர் சொல்ல, அடுத்த லீவுக்கு வேறொன்று வாங்கி வந்தாய். இரண்டாவதை அவர் மறுக்கவில்லை, போட்டுக்கொண்டார். ஆறு வருஷம் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் வெள்ளைக் கடதாசியைப் பார்த்தபடி இருந்தார். ஊர்ச்சனம் கொடிகாமத்துப் பண்டிதரிடம் போகத் தொடங்கியது. ஐயாவுக்குக் கண் போய்விட்டதென்று நீ நினைத்தாய், ஊர் நினைத்தது. அவருக்கு வரி வராமல் போனது, அதை நிற்பாட்டியவள் நான். இதுதான் மற்றப் பாதி.

ஒவ்வொரு விதமாக அவரைச் சாகடித்துப் பார்த்த நான் அவர் போன விதத்தை மட்டும் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. காலமை வெயில் ஏறவில்லை. பத்திரிகையோடு கதிரையில் இருந்தார். "இஞ்சாரும், தண்ணி கொஞ்சம்" என்றார். செம்பில் தண்ணீரோடு நான் வர எவ்வளவு நேரம்? கண்ணாடி மூக்கில் இருந்தபடி இருந்தது. பத்திரிகை கீழே விழவும் இல்லை. பாம்பில்லை, காய்ச்சலில்லை, கிணறில்லை. அழுவதற்கு ஒரு தொடக்கம்கூட இல்லாத சாவு.

இனி நேற்றைக்கு வருகிறேன். விபரத்தைத் துண்டில் எழுதி அனுப்புங்கள் என்ற உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனேன். அவருடைய கதிரை அங்கே சும்மா கிடந்தது. என்ன பிடித்ததோ தெரியாது, அந்தக் கதிரையைப் பார்த்து ஏசத் தொடங்கினேன். "கேட்டிருக்கலாமே! ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே! தண்ணி கேக்க வாய் வந்தது, தமிழ் கேக்க வாய் வரேல்லையோ? ஆறு வருஷம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரை ஏய்ச்சனீங்கள்?" என்று சுவர் அதிரக் கத்தினேன். ஆட்டுக்குக் குழை கொண்டுவந்த மாமி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். நான் நிற்பாட்டவில்லை. அவரை ஏசினேன், என்னை ஏசினேன், உலக்கையை ஏசினேன். ஏசிக்கொண்டு போகையில் என் காதே எனக்குச் சொன்னது, இது ஓசையோடு வருகிறது என்று. தண்ணி கேட்க, தமிழ் கேட்க. நான் பாடிய முப்பது மனைவிமாரில் ஒருத்தியும் புருஷனை ஏசவில்லை. நான் ஒருத்தியையும் ஏசவிடவில்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். மேசை லாச்சியை இழுத்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு நிலத்திலேயே குந்தினேன். நாலு கண்ணி வருவதற்குள் கடதாசி நனைந்து பென்சில் பிடிக்கவில்லை. மாமி பக்கத்தில் வந்து இருந்து கடதாசியின் மற்றக் கரையைப் பிடித்தாள். நான் நிற்பாட்டாமல் அழுதேன்.

உனக்கு மூன்று நாளாக வரி வராததன் காரணம் இப்போது எனக்குத் தெரிகிறது. நீ அவரைப் பற்றி நல்லது எழுதப் பார்க்கிறாய். நல்லதெல்லாம் ஏற்கெனவே எல்லாருடைய தகப்பன்மாருக்கும் எழுதி முடிந்து போயிற்று, அதில் உன் தகப்பனுக்கு ஒரு மூலையும் இல்லை. உனக்கு உத்தியோகம் கிடைத்து முதல் முதல் கொழும்புக்குப் போன அன்றைக்கு அவர் பள்ளிக்கூடம் இருக்கிறதென்று ஸ்டேசனுக்கு வராமல் நின்றாரே, அந்தக் கோபம் உன் தொண்டையில் இன்னும் நிற்கிறது. நீ வாய் திறந்து கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை, தம்பி. வீட்டில்தான் இருந்தார். உன் புத்தகங்களைத் தூசு தட்டித் திரும்ப அடுக்கினார். கேள், அவரிடமே கேள், ஏன் வரவில்லை என்று. மேசையில் போய் விறைத்துக்கொண்டு இராதே, நடந்துகொண்டு கேள், சாப்பிட்டுக்கொண்டு கேள், கத்து. அறையில் கூட இருப்பவன் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். வருவதை அப்படியே எழுது. மக்கள் புலம்பல் அதுதான். அதுவும் வராவிட்டால் அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே விடு, பண்டிதரை மட்டும் அதில் ஏற்றாதே. காப்பும் திதி வெண்பாவும் அவர் பாடட்டும், அதில் எனக்குக் கோபமில்லை.

மனைவி புலம்பல் இதோ.

முப்பது பெண்டுகட்கு முந்தியழு தேன்நானே
இப்போதென் முறைவந்தால் எனக்கொருசொல் இல்லையையோ

ஆரெழுதித் தந்தாலும் அதிலென்பேர் வேண்டாமோ
நீரெழுதி வைத்த பேருக்குள்ளே நான் எங்கே

தண்ணீர்தான் கேட்டீரே தமிழ்கேட்க மாட்டீரோ
கண்ணாடிக் குள்ளேபோய்க் களவாய் ஒளித்தீரோ

கேட்டிருந்தால் தந்திருப்பேன் கேளாமற் போனீரே
கேட்கட்டும் என்றிருந்தேன் கெட்டேனே நான்பாவி

இதற்குக் கீழே என் பேரைப் போடு. இன்னாரின் மனைவி என்று போடாதே, பேரைப் போடு. முப்பத்தொன்றில் இதைப் படிக்கும்போது சனம் முணுமுணுக்கும், வாத்தியாரை வாத்தியார் பெண்சாதி சபையில் வைத்து ஏசுகிறாள் என்று சொல்லும். சொல்லட்டும். காலிக் கடையைக் கேட்டுச் சிரித்த சனம் இதையும் கேட்கட்டும். காலி வரிக்கு யார் பொறுப்பென்று அந்த மனுஷிக்கு நானே போய்ச் சொல்லப் போகிறேன், அவளுக்கு ஒரு புத்தகம் நானே கையில் கொடுப்பேன்.

இன்னொன்று. இரண்டாம் கண்ணியின் பின்வரியில் ஓசை இடிக்கிறது. அச்சுக்கூடத்தில் படித்தவர்கள் பார்த்தவுடன் பிடிப்பார்கள், திருத்தித் தருகிறோம் என்பார்கள். எனக்கும் தெரியும், அந்த இடத்தில் ஒரு அசையை எடுத்து வேறொன்று வைக்க வேண்டும். எதை எடுத்து எதை வைப்பதென்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர்களைத் தொடவிடாதே. அது இடித்தபடியே அச்சாகட்டும்.

அம்மா